மாயாவியும் வேதாளமும் பி.காம். படிப்பும்

"கதப் புத்தகம் படிச்சு என்னத்தக் கிழிக்கப் போற?"

இந்தக் கேள்வியை ஒரு தடவையாவது வாங்காமல் வளர்ந்தவர்கள் எங்கள் மடுகரைப் பக்கத்தில் குறைவு. பாடப் புத்தகம் படித்தால் படிப்பு. பேப்பர் படித்தால் பொது அறிவு. பேய், பூதம், ராஜகுமாரன், ரோபோ என்று படித்தால் மட்டும் நேரம் வீண். சின்ன வயதில் இதை வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். இப்போது கூடப் படிக்கிறவர்களே சொல்கிறார்கள். "நீ படிக்கிறது பி.காம். உனக்கு எதுக்கு ஏலியன்?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

வழக்கமாக இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. முதல் பதில், கதை படித்தால் மொழி வளரும், தமிழ்ப் பேப்பரில் மார்க் வரும் என்பது. இது கேட்கிறவரைச் சமாதானப்படுத்தச் சொல்லும் பதில். மார்க்குதான் வேண்டும் என்றால் அதற்குக் கோனார் உரை இருக்கிறது, வேதாளம் எதற்கு?

இரண்டாவது பதில், கதை படித்தவர்கள் விஞ்ஞானி ஆனார்கள் என்பது. இதில் உண்மை உண்டு. ரஷ்யாவின் ஸியோல்கோவ்ஸ்கி, ஜூல்ஸ் வெர்ன் கதைகள்தான் தன்னை விண்வெளி பக்கம் திருப்பின என்று சொன்னவர். வெர்னின் கதையில் ஒரு பெரிய பீரங்கியில் ஆட்களை வைத்து நிலாவுக்குச் சுடுவார்கள். அப்படிச் சுட்டால் உள்ளே இருப்பவர்கள் நசுங்கிப் போவார்கள், பீரங்கி சரிப்படாது, ராக்கெட்தான் வழி என்று கணக்குப் போட்டவர் அவர். அமெரிக்காவின் ராபர்ட் கோடார்ட் 16 வயதில் எச்.ஜி.வெல்ஸின் செவ்வாய்க்கிரகப் படையெடுப்புக் கதையைப் படித்தார். 1926இல் திரவ எரிபொருளில் பறக்கும் முதல் ராக்கெட்டை விட்டார்.

நல்ல கதைகள்தான். ஆனால் இதில் ஒரு சிக்கல். லட்சத்தில் ஒருவர் ராக்கெட் விடுவார். மீதி 99,999 பேர்? மளிகைக் கடை வைக்கப் போகிறவர், பேங்க் எக்ஸாம் எழுதப் போகிறவர், ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சர் சரிபார்க்கப் போகிறவர், இவர்களெல்லாம் சின்ன வயதில் மாயக்கதை படித்தது வீணா?

வீண் இல்லை என்பது என் கட்சி. மாயக்கதையும் அறிவியல் கதையும் ஒரு பிள்ளைக்குக் கற்றுக் கொடுப்பது பறக்கும் கம்பளத்தை அல்ல. "உலகத்துக்கு விதிகள் இருக்கின்றன, அந்த விதிகள் வேறு மாதிரியும் இருந்திருக்கலாம்" என்கிற ஒரே ஒரு விஷயத்தை. அது பாடப் புத்தகத்தில் கிடைப்பது கஷ்டம். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

*

முதலில் அம்புலிமாமா. 1947 ஜூலையில் சென்னையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய பத்திரிகை. தெலுங்கில் சந்தமாமா, தமிழில் அம்புலிமாமா. இதே இருவர்தான் பிறகு 'பாதாள பைரவி' (1951), 'மாயா பஜார்' (1957) படங்களையும் எடுத்தார்கள். ஒரு தலைமுறைக்கே மாயத்தை மொத்த வியாபாரம் செய்தவர்கள் என்று சொல்லலாம் :-)

அம்புலிமாமா என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது அந்தப் படம். கையில் உருவிய வாள், தோளில் பிணம், சுடுகாட்டில் நடக்கும் விக்ரமாதித்தன். வரைந்தவர் ஓவியர் சங்கர். 1950களில் சேர்ந்து அறுபது வருஷம் போல அந்தப் பத்திரிகைக்கே வரைந்தவர். 2020இல் காலமானார். மறு வருஷம் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். எங்கள் வீட்டில் மாமா ஒருவர் பைண்டு பண்ணி வைத்திருந்த பழைய அம்புலிமாமா கட்டு ஒன்று இருந்தது. அதில்தான் நான் வேதாளத்தைப் பிடித்தேன்.

சமஸ்கிருத மூலத்தில் வேதாளக் கதைகள் 25தான். பத்திரிகையில் அது தீர்ந்த பிறகும் அதே சட்டத்துக்குள் புதிது புதிதாக நூற்றுக்கணக்கில் எழுதிக் கொண்டே இருந்தார்கள். ஏன் அலுக்கவில்லை? கதை முடிகிற இடத்தில் வேதாளம் ஒரு கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் ராஜாவின் தலை வெடித்துவிடும். பதில் சொன்னால் மௌனம் கலைந்து, வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிடும். சொன்னாலும் நஷ்டம், சொல்லாவிட்டாலும் நஷ்டம்.

அந்தக் கேள்விகள் லேசுப்பட்டவை அல்ல. தலை மாறிய கதை தெரிந்திருக்கும். வெட்டுப்பட்ட இருவருக்கு அவசரத்தில் ஒரு பெண் தலையை மாற்றி வைத்துவிடுகிறாள். இருவருக்கும் உயிர் வந்துவிடுகிறது. இப்போது யார் அவள் புருஷன்? தலை இருக்கிறவனா, உடம்பு இருக்கிறவனா? இந்த ஒரு கேள்வியை எடுத்துக் கொண்டு ஜெர்மானிய எழுத்தாளர் தாமஸ் மன் 1940இல் ஒரு குறுநாவல் எழுதினார். 1971இல் கிரீஷ் கர்னாட் 'ஹயவதனா' நாடகம் போட்டார். அதே கேள்வியைப் பத்து வயதில் திண்ணையில் உட்கார்ந்து நாம் யோசித்திருக்கிறோம். ராஜாவின் பதிலைப் படிக்கும் முன் ஒரு நிமிஷம் பத்தியை விரலால் மறைத்துக் கொண்டு, "நானா இருந்தா என்ன சொல்லுவேன்?" என்று பார்த்திருக்கிறோம். சில சமயம் ராஜா சொன்னது தப்பு என்றுகூடத் தோன்றும்.

பாடப் புத்தகத்தின் கடைசியிலும் கேள்விகள் உண்டு. ஆனால் அவற்றுக்குப் பதில் அந்தப் பாடத்துக்குள்ளேயே இருக்கும். எடுத்து எழுத வேண்டியதுதான். வேதாளத்தின் கேள்விக்குப் பதில் கதைக்குள் இருக்காது. நாம்தான் எடைபோட வேண்டும். எனக்குத் தெரிந்த வித்தியாசம் இதுதான். பெரிய வித்தியாசம்.

*

அடுத்து மாயாவி. சிவகாசியில் சௌந்திரபாண்டியன் 1972இல் முத்து காமிக்ஸ் ஆரம்பித்தார். முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. பிரிட்டனில் 'வேலியன்ட்' வார இதழில் 1962இல் தொடங்கிய கதை அது. சிவகாசி வழியாகத் தமிழ் பேசிக் கொண்டு நம் கிராமங்களுக்கு வந்தது. இங்கிலாந்துக்காரனுக்கே மறந்துபோன ஆளை நம் ஊர் பெட்டிக்கடை உயிரோடு வைத்திருந்தது.

கதை தெரியாதவர்களுக்கு: லூயிஸ் கிராண்டேல் ஒரு ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தில் வலது கை போய் இரும்புக்கை பொருத்தப்படுகிறது. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும். ஆனால் அந்த இரும்புக்கை மட்டும் மறையாது!

இந்தக் கடைசி வரிதான் முக்கியம். முழுசாக மறைந்துவிட்டால் கதையே இல்லை. எதிரி வரும் அறையில் கை வெளியே தெரியும், எங்கே ஒளிப்பது? மின்சாரம் இல்லாத இடத்தில் மாட்டிக் கொண்டால் என்ன செய்வது? கொஞ்ச நேரத்தில் உருவம் திரும்பிவிடும், அதற்குள் தப்ப முடியுமா? இத்தனைக்கும் ஆரம்பத்தில் அவன் நல்லவன்கூட இல்லை. கிடைத்த சக்தியை வைத்துத் திருடப் போனவன். பிறகுதான் நிழல்படைக்காக வேலை செய்கிறான்.

நல்ல மாயக்கதைகள் எல்லாவற்றிலும் இது உண்டு, கவனித்துப் பாருங்கள். எந்தச் சக்திக்கும் ஒரு கட்டுப்பாடு இருக்கும், ஒரு விலை இருக்கும். எதையும் எப்போதும் செய்யலாம் என்றால் அது கதை இல்லை, சும்மா விடுவது. கதை எழுதுகிறவர் ஒரே ஒரு பொய்யைச் சொல்லலாம். அதற்குப் பிறகு வரும் எல்லாமே அந்தப் பொய்க்கு நேர்மையாக இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் இதில் ரொம்பக் கறார். "போன கதையில கரண்டு இருந்தாத்தான் மறைவான், இதுல எப்படி சும்மா மறைஞ்சான்?" என்று சட்டையைப் பிடிப்பார்கள். தணிக்கை அதிகாரி தோற்றார்.

"இது உண்மை என்று வைத்துக்கொள், அப்படியானால் அடுத்தது என்ன?" என்று படிப்படியாகப் போகப் பழகுவது. கற்பனை என்றால் கட்டுப்பாடில்லாமல் அலைவது என்று நினைக்கிறோம். எனக்குத் தோன்றுவது நேர் எதிர். நல்ல கற்பனைக்குக் கணக்குப் போலவே ஒழுங்கு வேண்டும்.

*

மூன்றாவது சுஜாதா. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா'. கதை நடப்பது 2020களின் தொடக்கத்தில். அதாவது நாம் இப்போதுதான் தாண்டி வந்த வருஷங்கள். ஜீவா என்ற தலைவரின் ஆட்சி. பிள்ளை பெற்றுக் கொள்ள அரசாங்க அனுமதி வேண்டும். பெயர்கூட இரண்டு எழுத்துக்குள் இருக்க வேண்டும். நிலா, சிபி, ரவி, மனோ. ஜீனோ என்று ஒரு இயந்திர நாய், புத்தகம் படிக்கிற நாய். படிக்கப் படிக்கச் சொந்தமாக யோசிக்க ஆரம்பிக்கும் (நம் தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான நாய் கிடைக்காது).

(கதை படிக்காதவர்கள் அடுத்த இரண்டு வரியைத் தாண்டிப் போய்விடுங்கள்.) அந்த ஜீவா என்ற ஆளே கிடையாது. எல்லோரும் பயந்து கும்பிடும் தலைவர் வெறும் ஹோலோகிராம் பிம்பம், பின்னால் இருந்து ஆட்டுவது வேறு ஆட்கள்.

2020கள் வந்துவிட்டன. சுஜாதா சொன்னது நடந்ததா, இல்லையா என்று சிலர் சரிபார்க்கிறார்கள். அது அந்தக் கதையைப் பஞ்சாங்கமாகப் படிப்பது. அந்தக் கதை நமக்குக் கொடுத்தது ஆருடம் அல்ல, ஒரு சந்தேகம். மேடையில் தெரிகிற முகத்துக்குப் பின்னால் யார் என்று கேட்கும் சந்தேகம். போன் திரையில் எந்த முகத்தையும் எந்தக் குரலையும் செய்ய முடிகிற இந்தக் காலத்தில் அதைவிட உபயோகமான பழக்கம் என்ன இருக்கிறது சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். எழுத்தாளர் சுஜாதா, பெங்களூர் பெல் நிறுவனத்தில் பொறியாளர் ரங்கராஜனாக இருந்தபோது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்தவர். பகலில் ஓட்டு மெஷின், ராத்திரியில் பொம்மைத் தலைவர் கதை. இரண்டையும் செய்தது ஒரே மூளை.

*

இனி எதிர்க்கட்சியின் வாதம். நண்பன் ஒருவன், கறுப்புச் சட்டைக் குடும்பம், இதை எப்போதும் சொல்வான். "பேய் பிசாசு கதையெல்லாம் மூடநம்பிக்கையை வளர்க்கும். ராஜாவைக் கும்பிடச் சொல்லும். பொண்ணைப் பரிசாக் குடுக்கும்."

கடைசிப் பகுதி முழுக்க உண்மை. பழைய அம்புலிமாமாவைப் புரட்டினால் ராஜகுமாரிக்கு வேலையே இல்லை. பூதம் தூக்கிக் கொண்டு போகும், எவனாவது மீட்டு வருவான், பாதி ராஜ்ஜியத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். மாயாவியின் உலகத்தில் வெள்ளைக்காரர்கள்தான் ஆட்கள், மற்றவர்கள் பெரும்பாலும் காட்டுவாசி அல்லது வில்லன். இதை மறைத்துவிட்டு அந்தக் காலம் பொற்காலம் என்று எழுத எனக்கு விருப்பம் இல்லை.

ஆனால் இதற்கு மருந்து கற்பனைக் கதையை நிறுத்துவதா? இன்னும் நல்ல கற்பனையைக் கொடுப்பதா? 1905இல் சென்னையில் இருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்ற ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு கதை வந்தது. 'சுல்தானாவின் கனவு'. எழுதியவர் ரொக்கையா, வங்காளத்து முஸ்லிம் பெண், வயது இருபத்தைந்து இருக்கும். அந்தக் கதையில் ஒரு நாடு. அங்கே ஆண்கள் வீட்டுக்குள் கோஷாவில் இருக்கிறார்கள், பெண்கள் ஆட்சி செய்கிறார்கள். சூரிய வெப்பத்தைச் சேமித்துச் சமைக்கிறார்கள். மேகத்தில் இருந்து நேராகத் தண்ணீர் எடுக்கிறார்கள். பறக்கும் வண்டியில் போகிறார்கள். ஒரே ஒரு விதியைப் புரட்டிப் போட்டுவிட்டு, அப்படியானால் அடுத்தது என்ன என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். ஆனால் அதைப் படித்து முடித்த பிறகு, பெண்கள் வீட்டுக்குள் இருப்பது இயற்கை என்று யாரும் அத்தனை சுலபமாகச் சொல்ல முடியாது. அதே ரொக்கையா 1911இல் கல்கத்தாவில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் நடத்தினார். முதலில் கனவு, பிறகு கட்டடம்.

மூடநம்பிக்கை விஷயத்தில் என் அபிப்பிராயம் இது: கதையில் வரும் பேயால் யாரும் கெட்டுப் போவதில்லை. "இது கதை" என்று அட்டையிலேயே எழுதியிருக்கிறது. உண்மை என்று சொல்லிக் கொண்டு வருகிற பேய்தான் ஆபத்து. ஜோசியம், வசியம், பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வரும் என்கிற வாட்ஸ்அப் பார்வர்டு. நூறு பேய்க்கதை படித்த பிள்ளைக்கு அந்தப் பார்வர்டைப் பார்த்ததும் "இதை எவனோ உட்கார்ந்து எழுதியிருக்கான்" என்று தோன்றிவிடும். தச்சருக்குத்தானே எங்கே ஆணி அடித்திருக்கிறது என்று தெரியும்.

*

சரி, பி.காம். எங்கே வருகிறது?

முதல் வருஷம் கம்பெனி சட்டம் ஆரம்பிக்கும்போது வகுப்பில் பாதிப் பேர் திணறினார்கள். கம்பெனி என்பது சட்டம் உண்டாக்கிய செயற்கை நபர். கண்ணுக்குத் தெரியாது, தொட முடியாது, ஆனால் அதன் பெயரில் நிலம் இருக்கும், கடன் இருக்கும், அது வழக்குப் போடும், அதன் மேல் வழக்குப் போடலாம். பங்குதாரர்கள் எல்லோரும் செத்துப் போனாலும் அது சாகாது. "அது எப்படி சார்?" என்று கேட்டார்கள். எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. உருவம் இல்லை, ஆயுள் முடிவில்லை, மந்திரம் போட்டவர் போனாலும் வேலை செய்து கொண்டே இருக்கும். இது நமக்கு நன்றாகத் தெரிந்த ஆள்தானே! பூதம் :-)

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வணிகவியல் படிக்கிறவர்கள் யாரும் தப்ப முடியாத வழக்கு சாலமன் வழக்கு, 1897. லண்டனில் தோல் பூட்ஸ் செய்து விற்ற ஆரன் சாலமன் தன் வியாபாரத்தைக் கம்பெனியாக்கினார். மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பங்கு, மீதி 20,001 பங்கும் தனக்கு. கம்பெனி நொடித்தது. கடன் கொடுத்தவர்கள், "கம்பெனி என்று தனியாக ஒன்றும் இல்லை, எல்லாம் இந்த ஆள்தான், இவர் தலையில் கட்டுங்கள்" என்றார்கள். பிரபுக்கள் சபை ஒப்புக் கொள்ளவில்லை. சாலமன் வேறு, சாலமன் கம்பெனி வேறு என்று தீர்ப்பு. ஒரே கூடு, இரண்டு ஆள். தலை மாறிய கதைக்கும் இதற்கும் எத்தனை தூரம்? வேதாளம் கேட்டிருந்தால் விக்ரமாதித்தனே கொஞ்சம் யோசித்திருப்பான்.

பணமும் அப்படித்தான். காகிதத்துக்கு மதிப்பு இருக்கிறது என்று எல்லோரும் ஒப்புக் கொண்டிருக்கிற வரைக்கும் மதிப்பு. ஒரு ராத்திரி எட்டு மணிக்கு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று சொன்னது 2016இல். மறுநாள் அதே காகிதம், அதே மை. மாறியது விதி மட்டும்தான்.

2008இல் பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கிய பால் க்ரூக்மன் தான் ஏன் பொருளாதாரம் படிக்கப் போனேன் என்பதற்குச் சொல்லும் காரணம், சிறு வயதில் படித்த ஐசக் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்'. அதில் மனிதக் கூட்டங்களின் எதிர்காலத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லும் ஒரு சாஸ்திரம் வரும். நிஜ உலகத்தில் அதற்குக் கிட்டத்தில் இருந்தது பொருளாதாரம்தான், அதனால் இங்கே வந்தேன் என்கிறார். ஆக, "உனக்கு எதுக்கு ஏலியன்" என்று கேட்கும் பி.காம். நண்பர்கள் அவரிடமும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

*

இதெல்லாம் எங்கேயோ லண்டனில், அமெரிக்காவில் நடப்பது என்று நினைத்தால், நம் ஊர் பஸ்ஸில் ஏறி உட்காருங்கள்.

புதுச்சேரியில் இருந்து விழுப்புரம் சாலையில் வாருங்கள். வில்லியனூர், அரியூர், புதுச்சேரி. கண்டமங்கலம், தமிழ்நாடு. திருபுவனை, மறுபடி புதுச்சேரி. மடுகரையில் இருந்தும் கொஞ்ச தூரம் நடந்தால் எல்லை வந்துவிடும். மண் ஒன்று, நெல் ஒன்று, பேச்சு ஒன்று, சம்பந்தி இருக்கிறது அந்தப் பக்கம். ஆனால் பெட்ரோலுக்கு ஒரு விலை இங்கே, ஒரு விலை அங்கே. ரேஷன் வேறு. முதலமைச்சர் வேறு. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு, தாண்டியதும் விதிகள் மாறிவிடுகின்றன. எந்த மாயக்கதையில் இது இல்லை? பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் முன்னூறு வருஷ வியாபாரத்திலும் சண்டையிலும் யாரோ ஒரு மேஜையில் வைத்துப் போட்ட கோடு. இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது மலை, ஆறு மாதிரி இயற்கையாகத் தெரியும்.

இயற்கை இல்லை என்பதற்குச் சாட்சியும் பக்கத்திலேயே இருக்கிறது. வில்லியனூர் பக்கம் கீழூரில் 1954 அக்டோபர் 18ஆம் தேதி 178 மக்கள் பிரதிநிதிகள் கூடினார்கள். பிரெஞ்சு ஆட்சியா, இந்தியாவா என்று ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் இந்தியா, 8 பேர் பிரான்ஸ். நவம்பர் 1 முதல் நிர்வாகம் கை மாறியது. சட்டப்படி முழுசாக மாற 1962 ஆகஸ்ட் 16 ஆனது. நடுவில் எட்டு வருஷம், காகிதத்தில் ஒரு நாடு, நடைமுறையில் இன்னொரு நாடு! இப்படி ஒரு ஊரை அறிவியல் கதையில் எழுதினால் நம்ப மாட்டார்கள். ஆனால் அந்தக் கோட்டை மாற்ற முடியும் என்று யாரோ முதலில் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். நினைக்காமல் ஓட்டுப் பெட்டி வராது.

நான் சொல்ல வந்தது இதுதான். நாடு, எல்லை, பணம், கம்பெனி, ஜாதி எல்லாமே மனிதர்கள் கற்பனை செய்து, ஒப்புக் கொண்டு, பிறகு அது கற்பனை என்பதை மறந்துவிட்ட விஷயங்கள். பாடம் மட்டும் படித்து வளர்கிற பிள்ளை இருக்கிற விதிகளை நன்றாக மனப்பாடம் செய்யும். மாயக்கதை படித்த பிள்ளைக்கு இன்னொன்றும் தெரியும். விதிகளை யாரோ எழுதினார்கள். எழுதியதை மாற்றியும் எழுதலாம். "பொம்பளப் புள்ள டவுனுக்குப் போய்ப் படிக்கிறதா?", "நம்ம தெரு ஆளுக்கு அந்த வேலையெல்லாம் ஒத்து வராது" என்று கேட்டு வளர்கிற இடத்தில் இந்த ஒரு அறிவு சாதாரணம் இல்லை.

*

இப்போது கவலைக்கு வருகிறேன்.

அம்புலிமாமா 2013 வாக்கில் நின்றுபோனது. வாண்டுமாமா நடத்திய பூந்தளிர் அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே போயிற்று. வாண்டுமாமாவும் 2014இல் போய்விட்டார். சிவகாசியில் இருந்து லயன், முத்து காமிக்ஸ் வருகின்றன. ஆனால் அதை ஆசையாக வாங்குகிறவர்களில் நரைத்த தலைகள்தான் நிறைய. தமிழ்நாடு, புதுவை அறிவியல் இயக்கங்கள் சேர்ந்து 1987இல் ஆரம்பித்த 'துளிர்' மாதிரி ஒன்றிரண்டு முயற்சிகள் உண்டு. ஒரு கிராமத்துக் கிளை நூலகத்தில் பிள்ளைகள் அலமாரியைப் பார்த்தேன். போட்டித் தேர்வு கைடு அதையும் நிரப்பியிருந்தது. டி.என்.பி.எஸ்.சி. படிக்கிற அண்ணன்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் வேலை வேண்டும். ஆனால் எட்டு வயசுப் பிள்ளை அந்த அறையில் எதைத் தொடும்?

"அதான் யூட்யூப்ல எல்லாம் இருக்கே" என்பார்கள். இருக்கிறது. நானும் பார்க்கிறேன், படமும் கேமும் எனக்குப் பிடிக்கும். ஆனால் வீடியோவில் வேதாளம் எப்படி இருக்கும் என்பதை எவனோ முடிவு செய்துவிடுகிறான். எழுத்தில் நாம் முடிவு செய்கிறோம். ஆலமரம் என்று எழுதியிருந்தால் எனக்கு எங்கள் ஏரிக்கரை ஆலமரம், உங்களுக்கு உங்கள் ஊர் மரம். வேலையைப் பாதி செய்வது நாம்தான். தெருக்கூத்திலும் இதே கதைதான். எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் பாட்டி விடிய விடிய கூத்துப் பார்ப்பார். ஒரு பெஞ்சும் ஒரு திரையும்தான் மேடையில் இருக்கும். அஸ்தினாபுரத்தை அவர்தான் கட்டிக் கொள்ள வேண்டும்.

இன்னொரு குறை, நமக்குள்ளேயே. தமிழில் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் புதிய மாயக்கதைகளில் பாதி மொழிபெயர்ப்பு. பறக்கும் தட்டு எப்போதும் நியூயார்க்கில்தான் இறங்குகிறது. அதற்கு விசா கிடைக்கவில்லையா, மடுகரை ஏரியில் ஒரு தடவை இறங்கக் கூடாதா? சரக்கு இல்லாத ஊரா இது? திருவக்கரையில் இரண்டு கோடி வருஷத்து மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அரிக்கமேட்டில் 1945இல் வீலர் தோண்டியபோது ரோமாபுரி ஒயின் ஜாடித் துண்டுகள் கிடைத்தன. பாகூரில் 9ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கல்விச்சாலை, அதை நடத்த மூன்று கிராமம் மானியம் என்று நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு சொல்கிறது. முத்தியால்பேட்டை மாந்தோப்பில் பாரதிக்கு ஒரு குயில் கதை சொன்னது. அதே பாரதி ஞானத்தையே தேராக்கிக் கந்தர்வ லோகம் வரை போய் எழுதிய 'ஞானரதம்' 1910இல் புத்தகமாக வந்தது. போலீஸ் வேவு பார்க்க, கையில் காசில்லாமல், அடைக்கலம் புகுந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்த மனிதர் கந்தர்வ லோகத்தைப் புத்தகமாக்கியிருக்கிறார். கதைப் புத்தகம் வெட்டி வேலை என்று யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன் :-)

பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. மூன்று சின்ன விஷயம் தோன்றுகிறது. வீட்டில் பரணில் கிடக்கும் அம்புலிமாமா, காமிக்ஸ் கட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள். அதில் ராஜகுமாரி சும்மா உட்கார்ந்திருந்தால், "அவளா இருந்தா நீ என்ன பண்ணுவ?" என்று கேளுங்கள். இரண்டாவது, உங்கள் ஊர் நூலகத்தில் நோட்டுப் போட்டுக் கேளுங்கள், பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் வாங்கச் சொல்லி. கேட்காத வரைக்கும் அவர்களுக்கும் தேவை தெரியாது. மூன்றாவது, எழுத வருகிறவர்கள் எழுதுங்கள். கண்டமங்கலம் எல்லையைத் தாண்டினால் பேச்சு மறந்துபோகும் ஒரு ஊர், கீழூர் ஓட்டில் அந்த 8 பேர் ஜெயித்திருந்தால் இன்று நாம் என்ன மொழியில் டிக்கெட் கேட்போம், இப்படி ஒன்று.

அந்தக் கடைசிக் கேள்விக்கு உங்களுக்குப் பதில் தெரிந்தால் சொல்லுங்கள். தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.